வாடகை வேடமும் வீட்டு வேடமும்

நுழையும்முன்

பள்ளி விழா என்றதும் மாறுவேடப் போட்டி நினைவுக்கு வரும். அந்த ஒரு நாள் வேடத்துக்கு உடை எங்கிருந்து வருகிறது? கடையிலிருந்தா, வீட்டிலிருந்தா? காற்றடைத்த பந்து ஒன்றைக் கொண்டு தலையாட்டி பொம்மை வேடம் செய்யும் முறையைச் சொல்லி, இந்த வினாவுக்கு விடையாக ஒரு கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை. அக்கருத்து ஏற்கத்தக்கதா என்பதைப் படித்தபின் மாணவர்களே முடிவு செய்யலாம்.

மேடையில் மூன்று பாரதியார்

நவம்பர் 14, குழந்தைகள் நாள். அதற்கு மூன்று நாள்களுக்கு முன்பு பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வருகிறது: ‘மாறுவேடப் போட்டியில் பங்கேற்க விரும்புவோர் நாளைக்குள் பெயர் கொடுக்கவும்.’ தந்தை மாலை ஏழு மணிக்குப் பணியிலிருந்து திரும்புகிறார். தாய்க்கும் வேலை இருக்கிறது. சொந்த ஊராக இருந்தால் தையல் தெரிந்த அத்தையோ பழைய பட்டுத் துணி வைத்திருக்கும் பாட்டியோ அடுத்த தெருவில் இருப்பார்கள். ஊரை விட்டுப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி வாழும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. எனவே கடைத்தெருவில் வேட உடைகளை வாடகைக்கு விடும் கடையை நாடுகிறார்கள்.

அங்கே எல்லாம் ஆயத்தமாகத் தொங்குகின்றன. பாரதியார் வேண்டுமா? வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, ஒட்டு மீசை. ஜான்சிராணி வேண்டுமா? வாள், கேடயம், முத்துமாலை. முன்பணம் கட்டி எடுத்துச் சென்று, மறுநாள் மாலைக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்.

போட்டி நாளன்று மேடையில் மூன்று பாரதியார் வந்து நிற்கிறார்கள். மூவருக்கும் ஒரே தலைப்பாகை, ஒரே கோட்டு, ஒரே மீசை. மனப்பாடம் செய்த இரண்டு வரிகளைச் சொல்லிவிட்டு மூவரும் இறங்கிவிடுகிறார்கள். பரிசு பெறுவது பெரும்பாலும் பளபளப்பு மிகுந்த உடை. இவர்களையெல்லாம் கீழே அமர்ந்து வேடிக்கை பார்க்கும் மாணவர்களுள் ஒரு சிலர், வாடகைக்குப் பணம் கேட்க மனமில்லாமல் பெயரே கொடுக்காதவர்கள். அவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை.

மாறுவேடப் போட்டி என்பது உடையைக் காட்டும் போட்டியன்று. ஒரு பாத்திரத்தை அறிந்து, அதுவாகச் சிறிது நேரம் வாழ்ந்து காட்டும் போட்டி. அந்த நோக்கம் நிறைவேற வேண்டுமானால், வேடம் மாணவரின் கையால் வீட்டில் உருவாக வேண்டும். அதற்கு ஏற்றவாறு பள்ளிகளும் போட்டியின் விதிகளை மாற்ற வேண்டும்.

ஒரு பந்து, ஒரு பொம்மை

இக்கருத்தை விளக்க ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். அவள் தில்லியில் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் வீட்டு அலமாரியில் தஞ்சாவூரில் வாங்கிய தலையாட்டி பொம்மை ஒன்று உண்டு. ராஜா உருவம். அடிப்பகுதி அரைக்கோளமாக, கனமான களிமண்ணால் ஆனது. மேற்பகுதி எடை குறைந்தது. விரலால் தள்ளினால் சாய்கிறது. விரலை எடுத்தால் நிமிர்கிறது. புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவினைப் பொருளையே தன் வேடமாகத் தேர்ந்துகொள்கிறாள் அவள்.

கடையில் இந்த வேடம் கிடைக்காது. ஆகவே செய்துதான் ஆக வேண்டும். பொம்மையின் உருண்டை வயிற்றுக்கு என்ன செய்வது? கடற்கரையில் விளையாடுவதற்காக முன்பு வாங்கிய காற்றடைத்த நெகிழிப் பந்து ஒன்று பரண்மேல் மடங்கிக் கிடக்கிறது. அதன் மேல் தாளை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, உள்ளிருக்கும் பந்தின் காற்றை வெளியேற்றிவிட்டால், உருண்டையான கூடு கிடைக்கும். அந்தக் கூட்டை உடலில் அணிந்தால் அவள் தலையாட்டி பொம்மை ஆகிவிடுவாள்.

பந்தின் அட்டையில் ‘90 செ.மீ.’ என்று அச்சிட்டிருக்கிறது. காற்றடைத்து அளந்தால் குறுக்களவு 57 செ.மீ. தான் இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. இத்தகைய பந்துகளின் அளவைப் பெரும்பாலும் காற்றில்லாமல் தட்டையாக விரித்த நிலையில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து குறிப்பார்கள். காற்று நிரம்பியதும் அந்த நீளம் பந்தின் சுற்றளவில் பாதியாக வளைந்துவிடுகிறது. சுற்றளவு 180 செ.மீ. என்றால், அதை 3.14ஆல் வகுக்க, விட்டம் ஏறத்தாழ 57 செ.மீ. கணக்குப் புத்தகத்தில் உயிரில்லாமல் கிடந்த ‘பை’ என்னும் எண் அன்று அவளுக்குப் பயன்பட்டது. பந்து இடுப்புக்குப் பொருந்துமா என்று அறிய அவளுக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது.

பசைக் கிண்ணத்தில் தமிழ்

அடுத்தது பசை. ஒரு கோப்பை மைதாவை ஒரு கோப்பைக் குளிர்ந்த நீரில் கட்டி தட்டாமல் கரைக்க வேண்டும். வேறொரு பாத்திரத்தில் நான்கு கோப்பை நீரைக் கொதிக்கவைத்து, கரைசலை அதில் ஊற்றிக் கிண்ட வேண்டும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. தாய் கிண்டுகிறார், மகள் அருகில் நிற்கிறாள், கும்பகோணத்திலிருந்து பாட்டி கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அம்மாடி, கைவிடாமல் கிண்டச் சொல். விட்டால் அடிப்பிடித்துவிடும்.”

“அடிப்பிடிப்பது என்றால் என்ன பாட்டி?”

“பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கருகுவது. மோந்து பார்த்தாலே தெரியும்.”

“போதுமா பாட்டி?”

“கரண்டியைத் தூக்கு. சொட்டாமல் மெல்ல வழிகிறதா? அதுதான் பதம். இறக்கிவிடு. பூச்சி வராமல் இருக்க ஒரு கரண்டி உப்புப் போடு. ஆறியதும் தொடு, அதற்குமுன் கை வைக்காதே.”

‘கரைத்தல்’, ‘கட்டி தட்டுதல்’, ‘கிண்டுதல்’, ‘அடிப்பிடித்தல்’, ‘பதம்’, ‘ஆறுதல்’. ஒரு கிண்ணம் பசைக்குள் ஆறு சொற்கள். இவற்றை ஒரு வேளை அகராதியிலும் காணலாம். ஆனால் ‘பதம்’ என்பதன் பொருளை எந்த அகராதியும் அந்தக் கரண்டியைப் போல விளக்க முடியாது. வெளிமாநிலத்தில் வளரும் தமிழ் மாணவர் பலர் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள், கட்டுரையும் எழுதுகிறார்கள். ஆயினும் வீட்டில் ஒரு வேலையைச் செய்யும்போது அவர்கள் நாவில் வருவது இந்தியோ ஆங்கிலமோ ஆகிவிடுகிறது. அதற்குக் காரணம் சோம்பல் அன்று. அந்த வேலைகளைத் தமிழ் பேசும் கைகளோடு சேர்ந்து செய்யும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. வாடகைக் கடையில் வேடத்தை வாங்கும் குடும்பம் பணத்தோடு இந்த வாய்ப்பையும் செலவழித்துவிடுகிறது.

பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. முற்காலத்தில் புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு. குழந்தைகள் தொடும் பசையில் அதைச் சேர்க்கக் கூடாது.

ஓர் அடுக்கு தமிழ், ஓர் அடுக்கு இந்தி

பந்து உருளாமல் இருக்க அதை ஒரு வாளியின் வாய்மீது வைக்கிறார்கள். காற்று நிரப்பும் வாய் வாளிக்குள், கீழ்நோக்கி இருக்கும். அப்பகுதியில் தாள் ஒட்ட வேண்டியதில்லை. பின்னர் கால்கள் வெளிவரும் திறப்பு அதுதான். பந்தின்மேல் மெல்லிய நெகிழித் தாளைச் சுற்றிக்கொண்டால் பசை பந்தில் ஒட்டாது. தேங்காய் எண்ணெய் தடவுவதும் உண்டு. ஆனால் தில்லியில் குளிர் தொடங்கிவிட்டால் அது புட்டியிலேயே உறைந்து நிற்கும்.

நாளிதழை மூன்று விரல் அகலத்துக்குக் கிழிக்க வேண்டும், கத்தரிக்கக் கூடாது. கத்தரித்த விளிம்பு நேராக, தடிப்பாக எழுந்து நிற்கும். கிழித்த விளிம்பு மெலிந்திருப்பதால் அடுத்த துண்டோடு இழைந்துவிடும். ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ ஆறு பக்கங்கள் வீதம் ஆறு அடுக்குக்கு முப்பத்தாறு பக்கங்கள் தேவை.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இரண்டாம் அடுக்கை ஒட்டும்போது எந்த இடம் முடிந்தது, எந்த இடம் விடுபட்டது என்று எப்படித் தெரியும்? எல்லாமே ஒரே நாளிதழ் போலத் தோன்றும். வீட்டுக்கு நாள்தோறும் வருவது இந்தி நாளிதழ். ஊரிலிருந்து வந்த முறுக்கு, வடாம் பொட்டலங்களைச் சுற்றியிருந்த தமிழ் நாளிதழ்களைத் தாய் மடித்து எடுத்து வைத்திருக்கிறார். முதல் அடுக்கு இந்தி. இரண்டாம் அடுக்கு தமிழ். மூன்றாவது மீண்டும் இந்தி. தமிழ் அடுக்கு ஒட்டும்போது எங்கே இந்தி எழுத்து தெரிகிறதோ, அங்கே இன்னும் ஒட்டவில்லை என்று பொருள். எந்தச் செலவும் இல்லாத இந்த உத்தியால் கூட்டின் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பில் அமையும். ஏழாவதாக, தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஒட்டுகிறார்கள். துணியின் இழை தாளை இறுகப் பிடித்துக்கொள்வதால் கூடு எளிதில் விரிசல் விடாது.

ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பின்னரே அடுத்ததை ஒட்ட வேண்டும். விரைவாகக் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் காரியம் கெடும். வெயிலில் பந்துக்குள் இருக்கும் காற்று சூடேறி விரியும், ஈரத்தாள் பிளக்கும். இரவுக் குளிரில் அதே காற்று சுருங்கும். தாங்குவார் இல்லாமல் தாள் குழிந்துவிடும். ஆகவே அறைக்குள் மின்விசிறியின் கீழ் நிழலில் உலர்த்துவதே முறை. அடுக்குக்கு ஒரு நாள் என்றால் ஏழு நாள். வண்ணம் பூச இரண்டு நாள். மூன்று நாள் முன்னறிவிப்பில் இதைச் செய்ய இயலாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

கூடு பொம்மையாகிறது

ஏழாம் அடுக்கும் காய்ந்தபின் பந்தின் வாயைத் திறந்தால், காற்று மெல்லச் சீறி வெளியேறுகிறது. பந்து உள்ளே சுருங்கி, கூட்டை விட்டுப் பிரிகிறது. அதைக் கீழ்த்திறப்பு வழியாக உருவி எடுத்துத் துடைத்து மடித்து வைக்கிறார்கள். அடுத்த கோடையில் அது மீண்டும் விளையாட்டுப் பந்து. ஊதற்பையை வைத்துச் செய்திருந்தால் அது அன்றே வெடித்துக் குப்பைக்குப் போயிருக்கும்.

வெட்டும் வேலையைத் தந்தை செய்கிறார். மேலே முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு திறப்பு; கீழே நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு திறப்பு. கூடு கீழ்வழியே தலைமேல் இறங்கும்; தலையும் தோளும் கைகளும் மேல்வழியே வெளிவரும். விளிம்புகளில் துணிப் பட்டை ஒட்டுகிறார்கள். இல்லாவிட்டால் தோலைக் கீறும். புத்தகப் பையின் வார் போல இரண்டு நாடாக்களை உள்ளே கட்டித் தோளில் மாட்டுகிறார்கள். எடை தோளில் இருக்க வேண்டும். கழுத்தில் எதையும் கட்டக் கூடாது. முகம் முழுவதும் வெளியே தெரிய வேண்டும். தலையை மூடும் கூடு மூச்சுக்கும் பார்வைக்கும் தடை. இந்த வேடத்தோடு உட்கார முடியாது. காய்ந்த தாள் எளிதில் தீப்பற்றும் என்பதால் குத்துவிளக்கின் அருகே செல்லவும் கூடாது. இவற்றை முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவைப்பது நல்லது.

முதலில் வெள்ளை வண்ணம். அது காய்ந்தபின் சிவப்பு, பச்சை, மஞ்சள். அலமாரிப் பொம்மையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாணவியே வரைகிறாள். கோடு ஓரிடத்தில் கோணலாகிறது. அழித்து வரையத் தாய் கை நீட்டுகிறார்; மகள் விடவில்லை. கோணல் அப்படியே இருக்கிறது.

பின்பு ஒத்திகை. பொம்மை எப்படி ஆடுகிறது? அவள் அதைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். முதலில் பெரிதாகச் சாய்கிறது, பிறகு எதிர்ப்பக்கம் சற்றுக் குறைவாக, மறுபடி இன்னும் குறைவாக, இறுதியில் நிற்கிறது. அப்படியே அவளும் ஆடிப் பழகுகிறாள். ஏன் அது விழுவதில்லை? எடை முழுவதும் அடியில் இருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் மிகத் தாழ்வாக அமைந்திருக்கிறது. சாயும்போது அந்த மையம் சற்று மேலெழுகிறது. தள்ளிய விரல் விலகியதும் எடை அதைப் பழைய நிலைக்கு இழுத்துவிடுகிறது. இப்போது அவளால் மேடையில் மனப்பாட வரிகள் இல்லாமலேயே பேச முடியும்.

வேடம் ‘கட்டுதல்’

தெருக்கூத்துக் கலைஞர்கள் வேடம் ‘போடுகிறோம்’ என்று மட்டும் சொல்வதில்லை. வேடம் ‘கட்டுகிறோம்’ என்பார்கள். வீடு கட்டுவது போல, மாலை கட்டுவது போல, அதுவும் ஒரு கட்டுமானம். கூத்துக்கு முன் தத்தம் முகத்துக்குத் தாமே வண்ணம் தீட்டிக்கொள்வதும், எடை குறைந்த மரத்தில் செய்த கிரீடத்தையும் தோளணிகளையும் கட்டிக்கொள்வதும் அவர்கள் வழக்கம். அந்த ஆயத்தத்தின்போதே நடிகர் மெல்ல மெல்லப் பாத்திரமாக மாறுகிறார்.

உடலைச் சுற்றிக் கூடு அணியும் கலையும் புதிதன்று. தஞ்சைப் பகுதியின் பொய்க்கால் குதிரை ஆட்டத்தில், நடுவில் திறப்புள்ள குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டி, மரக்கால்களில் நின்று ஆடுகிறார்கள். இராசத்தானின் சேகாவதி வட்டாரத்தில் ‘கச்சி கோடி’ என்னும் ஆட்டம் உண்டு. அதிலும் இடுப்பில் குதிரைக் கூடு. ஆனால் மரக்கால் இல்லை. வட இந்தியத் திருமண ஊர்வலங்களில் இதைப் பார்த்த மாணவர்கள் இருக்கலாம். மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் சரிதா என்னும் ஊரில் சௌ நடனத்துக்கான முகமூடிகள் செய்கிறார்கள். அச்சின்மேல் தாளைப் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டி, களிமண்ணும் துணியும் பூசி, காய்ந்ததும் அச்சிலிருந்து பிரித்தெடுப்பது அங்குள்ள முறை. 2010ஆம் ஆண்டில் யுனெசுகோவின் மானுடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சௌ நடனம் இடம்பெற்றது. தில்லி வீட்டில் ஒரு மாணவி பந்தின்மேல் நாளிதழ் ஒட்டும்போது, தஞ்சையையும் சேகாவதியையும் புருலியாவையும் சேர்ந்த கைகளின் வரிசையில் தானும் சேர்ந்துகொள்கிறாள். தமிழ்நாட்டை விட்டு வந்ததால் மரபை இழந்துவிட்டதாக அவள் எண்ண வேண்டியதில்லை.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்தை மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும்.

முதலாவது, பெற்றோருக்கு நேரமில்லை என்பது. இது உண்மை, இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதை ஒரே இரவில் செய்ய முடியாது. ஆனால் ஓர் அடுக்கு ஒட்ட அரைமணி நேரம் முதல் ஒரு மணி நேரம் போதும். எஞ்சிய வேலையை மின்விசிறி செய்கிறது. மூன்று வாரம் முன்னதாகத் தெரிந்தால் அந்த நேரத்தை ஒதுக்க இயலும். ஆகவே இங்கே குறை பெற்றோரிடம் இல்லை. காலம் தாழ்த்திய சுற்றறிக்கையில் இருக்கிறது.

இரண்டாவது, வாடகை உடைதான் சிக்கனம் என்பது. ஒரே உடையைப் பலர் அணிவதால் பொருள் வீணாவதில்லை என்றும் கூறுவர். இதில் நியாயம் உண்டு. ஒரு நாளுக்காகப் புது உடையை விலைக்கு வாங்கிப் பின் எறிவதைவிட வாடகை மேலானது. ஆனால் வீட்டு வேடத்துக்குப் புதிதாக வாங்கியவை மைதாவும் வண்ணமும் மட்டுமே. நாளிதழும் வேட்டியும் பழையவை. பந்து திரும்பக் கிடைத்துவிட்டது. எனவே சிக்கனத்திலும் வீட்டு வேடம் தோற்கவில்லை.

மூன்றாவது, வீட்டு வேடம் அழகாக இராது. மற்றவர் முன் குழந்தை கூனிக் குறுகும் என்பது. இதுவே கடினமான மறுப்பு. கோணல் கோடுள்ள பொம்மைக்குப் பக்கத்தில் சரிகை மின்னும் உடை நிற்கும்போது, பார்ப்பவர் கண் சரிகைக்குத்தான் போகும். இந்த வருத்தத்தை அறிவுரையால் போக்க முடியாது. நடுவர்கள் எதற்கு மதிப்பெண் தருகிறார்கள் என்பதை மாற்றினால்தான் போக்க முடியும்.

நான்காவதாக, வீட்டில் செய்வதை ஆதரிப்பவர்களும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செய்தது யார்? குழந்தை உறங்கிய பின் தாயும் தந்தையும் விடிய விடிய உழைத்து முடித்த வேடம், குழந்தையைப் பொறுத்தவரை வாடகை வேடமே. கடைக்காரருக்குப் பதில் பெற்றோர், வேறுபாடு அவ்வளவுதான். கொதிக்கும் பசையும் கூரிய கத்தியும் பெரியவர்களுக்கு. கிழிப்பதும் ஒட்டுவதும் தீட்டுவதும் மாணவருக்கு. இந்தப் பங்கீடு தவறக் கூடாது.

பள்ளி செய்ய வேண்டியவை

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. மூன்று மாற்றங்கள் போதும்.

ஒன்று: போட்டியை மூன்று வாரங்களுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும்.

இரண்டு: வேடம் அணிந்த ஒவ்வொருவரும் ‘இதை எப்படிச் செய்தேன்’ என்று ஒரு நிமிடம் பேச வேண்டும். பத்து மதிப்பெண்ணில் ஐந்தை இதற்கு ஒதுக்க வேண்டும். தமிழை விருப்பப் பாடமாகப் படிப்போர் தமிழிலேயே பேசலாம். அந்த ஒரு நிமிடத்தில், வேடத்தைச் செய்தவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்று: வீட்டில் இடமோ பொருளோ இல்லாத மாணவருக்காக, கலைப்பாட வேளையில் பள்ளியிலேயே வேடம் செய்ய இடம் தர வேண்டும். பழைய நாளிதழ், பசை, வாளி ஆகியவை எந்தப் பள்ளியிலும் கிடைப்பவை. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் வீட்டில் ஏழு நாள் ஒரு பந்தை உலர்த்த இடம் ஏது? அந்தக் குழந்தையும் பெயர் கொடுக்கும் நிலை வந்தால்தான் அது எல்லா மாணவருக்கும் உரிய போட்டி.

போட்டி முடிந்த பின்

குழந்தைகள் நாள் முடிகிறது. பரிசு வேறொருவருக்குப் போகிறது. வாடகை உடைகள் மாலைக்குள் கடைக்குத் திரும்பிவிட்டன. பொம்மைக் கூடு மட்டும் வீட்டுக்குத் திரும்பி அலமாரியின் உச்சியில் அமர்கிறது. அன்றிரவு பாட்டி கைப்பேசியில் அழைக்கிறார்.

“பரிசு கிடைத்ததா கண்ணு?”

“இல்லை பாட்டி. ஆனால் நடுவர் என்னிடம் ‘இதை எங்கே வாங்கினாய்?’ என்று கேட்டார்.”

“நீ என்ன சொன்னாய்?”

“வாங்கவில்லை, கட்டினேன் என்றேன். பசை கட்டி தட்டாமல் கரைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மணி அடித்தும் நான் நிறுத்தவில்லை பாட்டி.”

அவள் பேசியது முழுவதும் தமிழில். அந்தச் சொற்களைத் திருப்பித் தர வேண்டிய கடை எதுவும் இல்லை.

சொல்லும் பொருளும்

பரண் – வீட்டின் கூரைக்குக் கீழே பொருள் வைக்கும் மேல்தட்டு
பதம் – சமைக்கும் பொருள் சரியான நிலையை அடைதல்
அடிப்பிடித்தல் – பாத்திரத்தின் அடியில் ஒட்டிக் கருகுதல்
மயில்துத்தம் – நீல நிறமுள்ள நச்சு உப்பு
கூடு – உள்ளே வெற்றிடம் உள்ள உருவம்
ஒத்திகை – நிகழ்ச்சிக்கு முன் செய்து பார்க்கும் பயிற்சி

சிந்தித்து விடையளிக்க

1. பந்தின் அட்டையில் 60 செ.மீ. என்று இருந்தால், காற்றடைத்தபின் அதன் விட்டம் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும்?
2. தாளைக் கத்தரிக்காமல் கிழித்து ஒட்டுவதற்கும், வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துவதற்கும் காரணம் யாது?
3. பெற்றோர் மட்டுமே செய்த வேடத்தைக் கட்டுரை ஏன் ‘வாடகை வேடம்’ என்கிறது?
4. ‘வாடகை வேடமே நல்லது’ என்னும் கருத்தை ஆதரித்து ஐந்து தொடர்கள் எழுதுக. பின்பு அதற்கு விடையாக ஐந்து தொடர்கள் எழுதுக.

செயல்பாடு

வீட்டில் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து ஏதேனும் ஒரு வேலையைச் செய்க. அப்போது கேட்ட புதிய தமிழ்ச் சொற்கள் ஆறினை எழுதி, ஒவ்வொன்றையும் எப்போது, எதற்காகச் சொன்னார்கள் என்பதை வகுப்பில் கூறுக.